நடுவீட்டு நாய்

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அதன் குணம் போகாது என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். அவர்கள் காலத்தில் நாய் நடுவீட்டுக்கு வந்ததேயில்லை. வளவில் திரிந்து, மிஞ்சிய சோற்றை உண்டு, படலையடியில் அந்நியரைக் கண்டு குரைப்பதே அதன் தொழிலாயிருந்தது. இன்றோ நகரத்துச் சிறு வீடுகளிலும் மாடிக் குடியிருப்புக்களிலும் வளவுமில்லை, முற்றமுமில்லை. நாய் விறாந்தையைக் கடந்து வந்து, மண்டபத்துக் கதிரையின் கீழ் குடியேறிவிட்டது. அதன் இருப்பிடம் மாறியதற்கேற்ப நமது பழக்கங்களும் மாறினவா என்பதே இவ்வாரம் நாம் சிந்திக்க விரும்பும் விஷயம்.

சில மாதங்களுக்கு முன் கொழும்பில் நமக்கு நெருங்கிய ஒரு குடும்பத்தினரைக் காணச் சென்றிருந்தோம். அங்கே நான்கு மாத வயதுள்ள ஒரு குட்டி இருந்தது. வீட்டார் எல்லோரும் அதன்மீது குற்றப்பத்திரிகை வாசித்தனர். தரையை நனைக்கிறது, சப்பாத்தைக் கடிக்கிறது, சாப்பாட்டு வேளையில் மேசையருகே நின்று முனகுகிறது. "இனி இதனோடு மாரடிக்க முடியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சந்தைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடப் போகிறோம்" என்றார் வீட்டுத் தலைவர். குட்டியை மடியில் வைத்திருந்த ஒன்பது வயதுச் சிறுமி மெதுவாக, "அதற்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லையே, மாமா" என்று நம்மைப் பார்த்துக் கூறினாள்.

சிறுமி சொன்னது முற்றிலும் உண்மை என்பதை அன்று மதிய போசனத்தின்போதே கண்டோம். குட்டியை இருக்கச் சொல்லத் தகப்பனார் "சிற்" என்றார். தாயார் "இரு" என்றார். ஆச்சி "குந்து" என்றார். மூத்த மகன் ஒன்றும் சொல்லாமல் அதன் முதுகைப் பிடித்து அழுத்தினான். மேசையடியில் நிற்கக் கூடாதென்று தகப்பனார் அதட்டிக்கொண்டிருக்கையிலே ஆச்சியின் கை ஒரு சோற்றுருண்டையுடன் மேசையின் கீழே இறங்கியது. ஒரே வீட்டில் நான்கு அரசாங்கம் நடந்தால் குடிமகன் எந்தச் சட்டத்துக்கு அமைந்து நடப்பான்?

ஆகவே, நாய்க்குப் பாடம் தொடங்குமுன் வீட்டார் ஒருங்குகூடி முடிவு செய்தல் வேண்டும். எந்தச் சொல்லுக்கு என்ன பொருள், கதிரையில் ஏறலாமா கூடாதா, எந்நேரத்தில் எங்கே உணவு என்பவற்றில் எல்லோருக்கும் ஒரே நியதி இருக்கவேண்டும். தமிழோ ஆங்கிலமோ, எச்சொல்லானாலும் குற்றமில்லை. அது ஒரே சொல்லாயிருத்தலே முக்கியம்.

அடுத்தது தரையை நனைக்கும் தொல்லை. குட்டிகள் சிறுநீரை நெடுநேரம் அடக்க வல்லன அல்ல. உறங்கி எழுந்தவுடனும், உண்டபின்னும், விளையாடி முடிந்தபின்னும் அவற்றுக்கு அவசரம் உண்டாகும். அவ்வேளைகளில் தவறாமல் ஒரே இடத்துக்கு அழைத்துச் செல்லவேண்டும். காரியம் முடிந்த அக்கணமே தட்டிக்கொடுத்து, ஒரு சிறு தீனியும் கொடுக்கலாம். வீட்டினுள் வந்தபின் கொடுத்தால், எதற்குக் கொடுத்தோம் என்பது அதற்கு விளங்காது. தவறு நேர்ந்த இடத்தை வினாகிரி கலந்த நீரால் நன்கு கழுவவேண்டும். மணம் எஞ்சியிருந்தால் நாய் மீண்டும் அவ்விடத்தையே நாடும்.

அடிப்பதனால் பயனுண்டா என்று கேட்பவருண்டு. இவ்விஷயத்தில் நாமே பிழை செய்தவர்கள். முன்னொரு காலத்தில் நாம் வளர்த்த நாய், நாம் வெளியே போயிருந்த சமயம் ஒரு புத்தகத்தைக் கிழித்துவிட்டது. மாலையில் வந்து அதை அடித்தோம். மறுநாள் நம்மைக் கண்டதும் அது தலையைத் தாழ்த்திப் பதுங்கியது. குற்றத்தை உணர்ந்துவிட்டது என்று மகிழ்ந்தோம். மூலையில் வேறொரு புத்தகம் கிழிந்து கிடந்ததைப் பிறகுதான் கண்டோம். அமெரிக்க ஆராய்ச்சியாளர் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு இதனை விளக்குகிறது. தின்னக் கூடாதென்று விலக்கிய தீனியைத் தின்ற நாயும் தின்னாத நாயும், எசமானர் ஏசியபோது ஒரே விதமான "குற்ற முகம்" காட்டின. அது தன் செயலை எண்ணி வருந்தும் முகமன்று. நமது கோபத்தைக் கண்டு அஞ்சும் முகம். தரையை நனைத்ததற்காக அடிபட்ட குட்டி, நனைப்பதை நிறுத்தாது. நாம் காணாத இடம் தேடி நனைக்கப் பழகும்.

சப்பாத்தைக் கடிப்பது துடுக்குத்தனமன்று. நான்காம் மாதத்திலிருந்து பாற்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைக்கையில் முரசு தினவெடுக்கும். விழுங்க முடியாத பருமனுள்ள கெட்டியான ரப்பர்ப் பந்தைக் கொடுத்து, சப்பாத்துக்களை உயரத்தில் எடுத்து வைப்பதே பரிகாரம். பழைய சப்பாத்தொன்றைக் கடிக்கக் கொடுத்தல் தவறு. பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேற்றுமையை நாய் அறியாது.

பிள்ளைகளுக்கும் சில பாடங்கள் உண்டு. உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் தொடலாகாது. நாய் உறுமினால் விலகி நிற்கவேண்டும். உறுமலுக்காக அதைத் தண்டிப்பதும் ஆபத்து; எச்சரிக்கை செய்யாமலே கடிக்க அது பழகிவிடலாம். வீட்டை விட்டு வெளியே போகாத நாய்க்கும் விசர்நோய்த் தடுப்பூசி கட்டாயம் போடவேண்டும். எந்த நாய் கடித்தாலும் காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். நோய்க்குறி தோன்றியபின் உயிர் பிழைத்தல் மிக அரிது.

இனி, அந்தச் சந்தைப் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நடுவீட்டில் வளர்ந்த குட்டிக்கு வீதியைக் கடக்கத் தெரியாது. இரை தேடத் தெரியாது. அங்குள்ள நாய்களோ அதைச் சேர்த்துக்கொள்ள மாட்டா. தன்னைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டு வரும் சுவர்க்கம் தமக்கு வேண்டாமென்று தருமபுத்திரர் மறுத்த கதையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். கதையைக் கேட்ட பிள்ளை நம் செய்கையையும் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை மறக்கலாகாது.

அந்தக் குடும்பத்தினர் நமது வேண்டுகோளுக்கிணங்கி ஒரு மாதத் தவணை கொடுத்தனர். சென்ற வாரம் மீண்டும் போயிருந்தோம். தரை உலர்ந்திருந்தது. சிறுமி "சிற்" என்றாள், குட்டி அமர்ந்தது. ஆச்சியும் இப்பொழுது "சிற்" என்றே சொல்லுகிறார். சோற்றுருண்டை மாத்திரம் இன்னும் முற்றாக நின்றபாடில்லை.