வரப்பில் நிற்கும் கேமரா

சம்பா நடவு ஆரம்பித்தால் போதும், திருத்துறைப்பூண்டி பக்கம் கேமராக்கள் வந்து இறங்கிவிடும். வருஷா வருஷம் அதே படம்: பச்சை நாற்று, வரிசையாக வளைந்த முதுகுகள், சேற்றுத் தண்ணீரில் வானம். கீழே 'மண்ணின் மகள்கள்' என்று ஒரு வரி, நூறு ஹார்ட்டுகள். நானும் எடுத்திருக்கிறேன். ஒரு போட்டியில் பரிசுகூட வாங்கினேன். பெருமையாகப் பெரியம்மாவிடம் காட்டினேன். ஃபோனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல நான் எங்க தம்பி இருக்கேன்?" என்றார். வரிசையில் ஏழு பேர். எந்த முதுகு பெரியம்மாவுடையது என்று எனக்கும் தெரியவில்லை.

கணக்கு எளிதுதான். வரப்பு ஓரடி உயரம். அதில் நின்று கண்ணில் வைத்து எடுத்தால் கேமரா சேற்றிலிருந்து ஆறடி மேலே இருக்கும். குனிந்து நடுகிறவரின் முகமோ தண்ணீரைப் பார்த்திருக்கும். முதுகும் தலையில் சுற்றிய துண்டும்தான் விழும். லென்ஸை மாற்றினாலும் விழாது முகம். நின்ற இடம் அப்படி.

இந்த ஊரில் வரப்பில் நின்று முதுகுகளை எண்ணியது யார்? மிராசுதாரும் அவருடைய காரியக்காரரும். கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் முடிவில், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்த கீழத்தஞ்சை இது. என் தாத்தா அந்த வரப்பில் செருப்போடு நடந்ததில்லை. பேரன் ஷூ போட்டுக்கொண்டு ஏறி நின்று, காரியக்காரர் பார்த்த அதே காட்சியை 'காம்போசிஷன்' என்று எடுத்து வருகிறேன். கோணம் வெறும் அழகியல் சமாச்சாரம் என்று இனி எவனாவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

சோவியத் புகைப்படக்காரர் ரோட்சென்கோ, தொப்புள் உயரத்திலிருந்தே எல்லாவற்றையும் எடுக்கும் வழக்கத்தை 1928-லேயே கிண்டலடித்தார். மேலிருந்து எடு, கீழிருந்து எடு என்றார். அவருக்கு அது பழக்கத்தை உடைக்கிற வேலை. நமக்கோ மேலிருந்து எடுப்பதே பழக்கமாகிவிட்டது. ட்ரோன் வந்தபின் கேட்கவே வேண்டாம். 2018 நவம்பர் 16-ல் கஜா அடித்தது. சாய்ந்த தென்னந்தோப்புகள் மேலிருந்து பார்த்தால் சீப்பால் வாரிய தலை மாதிரி இருந்தன. முதல்வர் ஹெலிகாப்டரில் பார்வையிட்டதைத் திட்டித் தீர்த்த ஆட்களே, அந்த ட்ரோன் படங்களுக்குக் கீழே "என்னா பேட்டர்ன்!" என்று எழுதினார்கள். சேதத்தின் பரப்பைக் காட்ட ட்ரோன் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் புரண்டு கிடந்த மரத்தின் வேர்க்கட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு பேட்டர்ன் தெரியாது. பிள்ளை மாதிரி வளர்த்தவர் அதைத் தடவிக்கொண்டு நிற்பது தெரியும்.

சரி, கீழே இறங்குங்கள் என்றால் இன்னொரு கூட்டம் தரையில் படுத்து, வானத்தைப் பின்னால் வைத்து, உழவரை அய்யனார் சிலையாக்கிவிடுகிறது. இதுவும் அதே சோம்பேறித்தனம். சிலைக்குக் கூலி கொடுக்க வேண்டாம் பாருங்கள்.

அடுத்த நடவுக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். முழங்கால் வரை சேறு. ஃபோனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தண்ணீரை ஒட்டி வரும். அடுத்த நாற்றுக்கட்டை எடுக்க ஒவ்வொருவரும் ஒரு நொடி நிமிர்வார்கள். அதற்காகக் காத்திருந்தேன். மூன்றாவது கட்டுக்குப் பெரியம்மா நிமிர்ந்தார்.

"டேய், நட்டத மிதிக்காதடா!"

அந்த நொடியில் அழுத்தினேன். ஓரத்தில் என் விரல் பாதி விழுந்திருக்கிறது, அடிவானம் கோணல். படத்தில் பெரியம்மா என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.