ப்ளேலிஸ்ட்: அண்ணன் - தம்பி சண்டையும், நம்பிக்கை தந்த ஓர் ஆல்பமும்!

பல வருடம் முகம் கொடுத்துப் பேசாத அண்ணன் தம்பியை ஒரே பந்தியில் உட்காரவைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று நமக்குத் தெரியும். நோயல் கேலகர், லியாம் கேலகர் சகோதரர்களுக்கு அது ஒரே மேடை. 2009 ஆகஸ்ட்டில் பாரிஸில் மேடைக்குப் பின்னால் நடந்த சண்டையோடு உடைந்த 'ஒயாசிஸ்' இசைக்குழு, 2025 ஜூலை 4-ம் தேதி வேல்ஸின் கார்டிஃப் நகரில் மறுபடி பாடியது. அப்போது அண்ணனுக்கு 58 வயது, தம்பிக்கு 52.

கேட்கவேண்டியது அவர்களின் இரண்டாவது ஆல்பமான 'வாட்ஸ் தி ஸ்டோரி மார்னிங் குளோரி'. 1995 அக்டோபர் 2-ல் வந்தது. 2025 அக்டோபரில் 30 வயதானது. பதிவானதும் இதே வேல்ஸில்தான். கார்டிஃபிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ராக்ஃபீல்டு ஸ்டூடியோவில், சில வாரங்களில் வேலையை முடித்துவிட்டார்கள். நடுவில் ஒரு நாள், பப்பில் இருந்தவர்களை எல்லாம் தம்பி ஸ்டூடியோவுக்கு அழைத்துவர, அண்ணன் கிரிக்கெட் பேட்டைத் தூக்கிய கதை ரொம்பப் பிரபலம்!

இருவரும் மான்செஸ்டரின் பர்னேஜ் பகுதியில், அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர்கள். அயர்லாந்திலிருந்து வந்த அம்மா பெக்கி, கணவரின் கொடுமை தாங்காமல் மூன்று மகன்களோடு வெளியேறியவர். புலம்ப எல்லாக் காரணமும் இருந்த வீட்டிலிருந்து, 'எல்லாம் சரியாகும்' என்கிற தொனியில் பாட்டு வந்தது. விமர்சகர்கள் பலர் அப்போது பெரிதாகக் கொண்டாடவில்லை. மக்கள் கொண்டாடினார்கள். உலகம் முழுக்க 2 கோடி பிரதிகளுக்கு மேல் விற்றது. 1996-ல் நெப்வொர்த்தில் இரண்டே இரவுகளில் இரண்டரை லட்சம் பேர் கூடினார்கள்.

'வொண்டர்வால்' பாட்டுக்கு நம்மூர்த் தொடர்பு ஒன்று உண்டு. அந்தப் பெயர் ஜார்ஜ் ஹாரிசனின் 'வொண்டர்வால் மியூசிக்' ஆல்பத்திலிருந்து எடுத்தது. அதன் ஒரு பகுதியை 1968-ல் பம்பாய் ஸ்டூடியோவில், நம் கலைஞர்களை வைத்துத்தான் ஹாரிசன் பதிவு செய்தார்.

ஆனால், என் ஓட்டு 'டோன்ட் லுக் பேக் இன் ஆங்கர்' பாட்டுக்குத்தான். தம்பிக்குக் கொடுக்காமல் அண்ணனே பாடியது. 2017 மே மாதம் மான்செஸ்டர் அரங்கில் குண்டு வெடித்து 22 பேர் இறந்தார்கள். மூன்று நாள் கழித்து, செயின்ட் ஆன்ஸ் சதுக்கத்தில் ஒரு நிமிட மௌன அஞ்சலி முடிந்ததும், கூட்டத்தில் ஒரு பெண் இந்தப் பாட்டைத் தொடங்கினார். சுற்றி நின்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். கோபத்தோடு திரும்பிப் பார்க்காதே என்று பெயரிலேயே சொல்லும் பாட்டை, கோபப்பட முழு உரிமையும் உள்ள ஊர் பாடியது. அந்த வீடியோவைக் கண் கலங்காமல் பார்ப்பது கஷ்டம்.

வருத்தமும் இருக்கிறது. 2024 ஆகஸ்ட்டில் டிக்கெட் விற்பனை தொடங்கியபோது, சுமார் 150 பவுண்டு டிக்கெட் வரிசையில் காத்திருக்கும்போதே 350 பவுண்டைத் தாண்டியது. பிரிட்டனின் போட்டி ஆணையம் விசாரணையே தொடங்கியது. விலை நிர்ணயத்தை நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களிடமும் மேலாளர்களிடமும் விட்டுவிட்டதாகக் குழு விளக்கம் சொன்னது. வட அமெரிக்க நிகழ்ச்சிகளுக்கு அந்த முறை வேண்டாம் என்றும் முடிவெடுத்தது. நல்லதுதான். ஆனால், பர்னேஜ் மாதிரித் தெருக்களில் இருப்பவர்கள்தான் 1995-ல் இவர்களைத் தூக்கிவிட்டவர்கள். அவர்களில் எத்தனை பேரால் 350 பவுண்டு கொடுக்க முடியும்?

2025 சுற்றுப்பயணப் பட்டியலில் சியோல், டோக்கியோ எல்லாம் இருந்தன, இந்தியா இருக்கவில்லை. நமக்கு ஹெட்போன்தான் கதி. புதிதாகக் கேட்பவர்கள் 'வொண்டர்வால்', 'டோன்ட் லுக் பேக் இன் ஆங்கர்', கடைசியாக ஏழு நிமிடம் ஓடும் 'ஷாம்பெயின் சூப்பர்நோவா' என்ற வரிசையில் கேளுங்கள். வீட்டில் பேசாமல் இருக்கும் அண்ணனோ தம்பியோ இருந்தால், அவருக்கும் ஒரு லிங்க் அனுப்பிவையுங்கள்!