ஆயிரம் ரூபாயில் என்ன அறிவியல்?

தொடக்கப் பள்ளிகளின் அறிவியல் செயல்திட்டங்களுக்குச் சிறு நிதி ஒதுக்குவது வீண்செலவு என்ற கருத்து பரவலாக உண்டு. தொகை போதாது, பிள்ளைகள் சிறியவர்கள், பள்ளிக்கு ஏற்கெனவே மானியம் வருகிறது, கொடுத்தாலும் அது தெர்மாகோல் எரிமலையில் போய் முடியும். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் இன்னொரு வாதமும் சேர்ந்துகொள்கிறது: கம்பெனிகளே சமூகப் பொறுப்பு நிதியில் செய்து தருமே.

முதலில் தொகை. அறிவியல் என்றால் ஆய்வகம் என்று எண்ணுவோருக்குத்தான் ஆயிரம் ரூபாய் அற்பமாகத் தெரியும். குரோம் முறை வருமுன் இந்த ஊர்களில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் தோலைப் பதப்படுத்தின. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய கடுக்காயை இடித்து, ஊறவைத்து, வடிகட்டிய சாற்றில் சில சொட்டுகளை, தண்ணீரில் கலக்கிய முட்டை வெள்ளைக்கருவில் விட்டால், தெளிந்திருந்த நீர் கலங்கித் திரிதிரியாகத் திரளும். கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணமான டானின் புரதத்தைப் பிடித்துக்கொள்வதன் விளைவு இது. பச்சைத் தோலிலும் அதுவே நடக்கிறது. டானின் பிடித்த புரதம் எளிதில் அழுகாது. மீதிச் சாற்றில் துருப்பிடித்த ஆணி ஒன்றைப் போட்டு மறுநாள் பார்த்தால் சாறு கருத்திருக்கும், தொட்டு எழுதலாம். ஐந்தாம் வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான வேதியியல் பாடம் கிடைப்பது அரிது. பல வீடுகளில் தோல் ஷாப்பில் வேலை பார்த்த தாத்தாவே மேற்கொண்டு விளக்கம் சொல்லிவிடுவார்.

தண்ணீரும் அப்படியே. அழுகாமலிருக்கப் பச்சைத் தோலில் உப்பிடுவார்கள். ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு கழிவுநீரில் கலக்கிறது. பாலாற்றங்கரைக் கிணறுகள் உப்பேறியதற்கு இது முக்கியக் காரணம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு, கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம். மாற்று நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் இந்த எண்ணைக் காட்டிவிடும். மீட்டர் இல்லாவிட்டாலும், மழைநீர், கிணற்றுநீர், கேன் தண்ணீர் மூன்றையும் சம அளவில் தட்டுகளில் ஊற்றி வெயிலில் வற்றவிட்டால் படியும் வெண்மையே வேறுபாட்டைச் சொல்லும். எல்லாவற்றையும் இப்படிச் செய்ய முடியாது என்பது உண்மைதான். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை விட்டுச்சென்ற குரோமியக் கழிவு பிள்ளைகள் நெருங்கக் கூடாதது. அதை அளக்க முறையான ஆய்வகம் வேண்டும். ஆனால் அது கல்லூரிகளின் வேலை.

பிள்ளைகள் சிறியவர்கள் என்ற வாதத்தைத் திட்டங்களே ஏற்றுக்கொண்டுவிட்டன. மாணவருக்கு 10,000 ரூபாய் தரும் இன்ஸ்பயர் மானக் விருது ஆறாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய வானவில் மன்றம் ஆறு முதல் எட்டு வரை. இதற்கு எதிர்ச்சான்று வேலூரிலேயே இருக்கிறது. 1990களில் மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.பி. விஜயகுமார், கொத்தடிமை வேலையிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளுக்கான சிறப்புப் பள்ளிகளில் ரிஷிவேலி பாணிச் செயல்வழிக் கற்றலுக்கு இடம் கொடுத்தார். பிறகு அவர் ஆணையராக இருந்தபோது அது சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்குப் போனது. 2007-08இல் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்கு வந்தது. பள்ளி வாசலையே மிதிக்காதிருந்த குழந்தைகள் கையால் செய்து கற்க முடிந்தது என்றால், ஆறாம் வகுப்புவரை காத்திருக்கச் சொல்வதற்குக் காரணம் இல்லை.

ஒருங்கிணைந்த பள்ளி மானியம் இருக்கிறதே என்பது காகிதத்தில் சரி. சாக்பீஸ், பதிவேடு, பழுதுபார்ப்பு, மின்கட்டணம், துப்புரவு எல்லாம் அதற்குள்தான். சர்வ சிக்ஷா அபியான் காலத்தில் ஆசிரியர் ஒருவருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் துணைக்கருவி மானியம் தனியாக இருந்தது. சிறியதுதான், ஆனால் ஆசிரியர் கையில் இருந்த பணம். பொதுக்கணக்கில் கடுக்காய்க்கும் குழாய்ப் பழுதுக்கும் போட்டி வந்தால் குழாய்தான் வெல்லும், வெல்லவும் வேண்டும். தனித் தலைப்பு வேண்டுவது இதனால்தான்.

கம்பெனி நிதி பற்றிய நம்பிக்கை சட்டத்தைப் படித்தால் கரைந்துவிடும். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, 5 கோடி நிகர லாபம் அல்லது 500 கோடி நிகர மதிப்பு அல்லது 1,000 கோடி விற்றுமுதல் உள்ள நிறுவனங்களையே கட்டுப்படுத்துகிறது. பெரிய ஷூ கம்பெனிகள் சில இதற்குள் வரலாம். சின்னத் தோல் ஷாப்புகள் வராது. தவிர, கிணற்று நீரை அளக்கும் பள்ளிக்குத் தோல் நிறுவனமே பணம் தருவது இரு தரப்புக்கும் சங்கடம்.

தெர்மாகோல் வாதத்தில் மட்டும் பாதி உண்மை உண்டு. கண்காட்சியில் வைக்க மாதிரி கேட்டால் கடையில் வாங்கிய மாதிரிதான் வரும். அளவுக் குறிப்பேடு கேட்டால் கடையில் கிடைக்காது. செலவைச் சரிபார்க்கப் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். லட்ச ரூபாய்க் கணக்கைவிட, ரசீதுகள் ஒரு கைக்குள் அடங்கும் கணக்கு அவர்களுக்குப் புரியும். பணம் வரும் மாதமும் முக்கியம். கிணற்று நீரை வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் அளந்தால்தான் ஒப்பிட முடியும். ஜூனில் வந்த பணத்தில் அது நடக்கும். பிப்ரவரியில் வந்து மார்ச்சுக்குள் பயன்பாட்டுச் சான்று கேட்கும் பணத்தில் சார்ட் பேப்பர்தான் வாங்க முடியும்.