அனத்தோத்து நிலமும் மதுராந்தகம் மனையும்



ஞாயிறு திருப்பலி முடிந்து, பூசை உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வரும்போது, "ஃபாதர், ஒரு வீட்டு விஷயம் கேக்கணும்" என்று யாராவது ஒருவர் காத்திருப்பது மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு, தி.நகர்ப் பகுதிகளில் இப்போது வழக்கமாகிவிட்டது. அண்மையில் ஒரு தம்பதியர் வந்தனர். கணவர் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறார். மனைவி செவிலியர். பதினான்கு ஆண்டுகளாக மயிலாப்பூரில் வாடகைக்கு இருக்கிறார்கள். மூன்று முறை வீடு மாறியாயிற்று. மதுராந்தகம் பக்கம் ஒரு மனை பார்த்து வைத்திருக்கிறார்கள். "இப்பவே வாங்கிடலாமா ஃபாதர், இல்ல இன்னும் ரெண்டு வருஷம் பொறுக்கலாமா?" என்பதே அவர்களது கேள்வி.

நாம் வாடகை கட்டி அறியாதவர்கள். மாற்றல் ஆணை வந்தால், பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த பங்கு இல்லத்திற்குப் போய்விடுவோம். எனவே அன்று உடனே பதில் சொல்லத் துணியவில்லை. "விசாரிச்சுச் சொல்றோம்" என்று அனுப்பி வைத்தோம். விசாரித்துத் தெரிந்துகொண்டதையும், அதை விவிலியத்தின் ஒளியில் எண்ணிப் பார்த்ததையும் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

நகரம் தெற்கே நகர்கிறது

நம் உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரித்து 2002ஆம் ஆண்டு செங்கல்பட்டு மறைமாவட்டம் உருவாக்கப்பட்டது. அரசு 2019 நவம்பரில் செங்கல்பட்டைத் தனி மாவட்டமாக்கியது. சென்னைப் பெருநகரின் திட்டப் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக 2022இல் விரிவாக்கப்பட்டது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. இத்தகைய ஒவ்வோர் அறிவிப்பும் மனை விலையில் உடனே ஏறிவிடுகிறது. பேருந்து ஓடத் தொடங்கும் முன்பே, "பேருந்து நிலையத்திலிருந்து பத்தே நிமிடம்" என்று விளம்பரப் பலகை வந்துவிடுகிறது.

இங்கேயோ வாடகை ஏறுகிறது. முன்பணம் கழுத்தை நெரிக்கிறது. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்கிறது. ஆனால் "ஆறு மாசம், பத்து மாசம்" என்று கேட்கும் பழக்கம் நம் தெருக்களில் இன்னும் போகவில்லை. சாந்தோம் பேராலயத்தின் மணியோசையில் வளர்ந்த பிள்ளைகள் சிங்கப்பெருமாள்கோவிலிலும் அச்சிறுபாக்கத்திலும் மனை தேடுவதன் காரணம் இதுதான்.

வட்டியை நம்பி நாள் குறிக்கலாமா?

"வட்டி குறைஞ்சிருக்கு, இதுதான் நேரம்" என்று முகவர்கள் சொல்வார்கள். கொஞ்சம் பின்னோக்கிப் பார்ப்போம். ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 2020 மே மாதம் 4 சதவீதமாக இருந்தது. 2022 மே மாதத்திலிருந்து படிப்படியாக ஏறி, 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதமானது. 2025இல் மீண்டும் குறைக்கப்பட்டு, ஆண்டின் இறுதியில் 5.25 சதவீதத்திற்கு வந்தது. இன்று வங்கிகள் தரும் வீட்டுக் கடன்களில் பெரும்பாலானவை இதோடு சேர்ந்து ஏறி இறங்குபவை.

இதன் பொருளை ஒரு கணக்கில் காணலாம். 30 லட்சம் ரூபாய் கடன், 20 ஆண்டுகள், 7 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 23,260 ரூபாய். அதே கடனுக்கு வட்டி 9.5 சதவீதமானால் தவணை ஏறத்தாழ 27,960 ரூபாய். இன்னொன்றையும் கவனியுங்கள்: 30 லட்சத்துக்கு 9.5 சதவீதம் என்றால் ஒரு மாத வட்டி மட்டுமே 23,750 ரூபாய். பழைய தவணையையே கட்டிக்கொண்டிருந்தால் அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. "தவணை ஏறல ஃபாதர், வருஷம்தான் கூடியிருக்கு" என்று ஆறுதல்பட்டுக்கொள்பவர்கள், கூடியது எத்தனை ஆண்டு என்பதை வங்கியில் கேட்டு அறிவது நல்லது.

வட்டி குறைவாக இருக்கும் நாளில் வாங்கினால் அது இருபது ஆண்டும் குறைவாகவே இருக்கும் என்ற உறுதி இல்லை. எனவே கேட்க வேண்டியது இதுதான்: வட்டி இரண்டரை சதவீதம் ஏறினாலும் பிள்ளைகளின் படிப்பை நிறுத்தாமல், நகையை அடகு வைக்காமல் நம்மால் கட்ட முடியுமா? முடியாது என்றால், வட்டி எவ்வளவு குறைந்திருந்தாலும் அது நமக்கு ஏற்ற நேரமல்ல.

மனையின் விலையோடு பதிவுச் செலவும் இருக்கிறது. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம். 20 லட்சம் மதிப்புள்ள மனைக்கு 1 லட்சத்து 80 ஆயிரம். வங்கிகள் பொதுவாக இதைக் கடனில் சேர்ப்பதில்லை. 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் ஒரு சதவீதம் சலுகை உண்டு. சலுகைக்காக மட்டுமல்ல, குடும்பத்தின் நீதிக்காகவும் இதை எண்ணிப் பாருங்கள்.

ஆடியும் தையும்

"ஆடி போகட்டும், தையில பாத்துக்கலாம்" என்று நம் கத்தோலிக்க வீடுகளிலும் சொல்லக் கேட்கிறோம். முகூர்த்த நாள்களில் சார்பதிவாளர் அலுவலகங்களில் கூட்டம் தாங்காமல், அரசே கூடுதல் டோக்கன் வழங்குகிறது. நாளும் கிழமையும் நம்மைக் காப்பதில்லை என்று மறைக்கல்வி வகுப்பில் படித்தவர்கள் நாம். ஆனால் பார்க்க வேண்டிய மாதம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது ஐப்பசியும் கார்த்திகையும்.

பல ஆண்டுகளுக்கு முன், முடிச்சூர்ப் பக்கம் ஒரு குடும்பத்தின் புது வீட்டை மந்திரிக்கப் போனோம். நல்ல கோடைக்காலம். தரை காய்ந்து கிடந்தது. தீர்த்தம் தெளித்து, செபித்து, விருந்துண்டு வந்தோம். 2015 டிசம்பரில் அதே வீட்டின் தரைத்தளம் முழுகியது. மாடியில் நின்றபடி அவர்கள் படகுக்காகக் காத்திருந்தார்கள். அந்த மனை ஒரு காலத்தில் தண்ணீரின் வழி என்பதை அந்தக் குடும்பமும் கேட்டறியவில்லை. மந்திரிக்கப் போன நாமும் கேட்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் தென்சென்னையின் பல இடங்களில் இதே காட்சிதான். மனையை வெயிலில் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். ஒரு மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள். பக்கத்து வயலில் வேலை செய்யும் பெரியவரிடம், "தாத்தா, இங்க தண்ணி எதுவரைக்கும் நிக்கும்?" என்று கேளுங்கள்.

எரேமியா வாங்கிய நிலம்

விவிலியத்தில் நிலம் வாங்கிய நிகழ்வு ஒன்று மிகவும் விரிவாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது (எரேமியா 32:1-15). பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. இறைவாக்கினர் எரேமியா காவலர் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த வேளையில் அவருடைய சிற்றப்பா மகன் அனமேல் வந்து, அனத்தோத்து என்ற சிற்றூரிலுள்ள தன் நிலத்தை வாங்கிக்கொள்ளுமாறு கேட்கிறார். எரேமியா 17 செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து வாங்குகிறார்.

எந்தச் சந்தைக் கணக்கின்படியும் அது வாங்கக்கூடாத நேரம். நாடே பறிபோகும் வேளை. ஆயினும் இந்த மண்ணில் மீண்டும் வீடும் வயலும் வாங்கப்படும் என்ற இறைவனின் வாக்குறுதிக்குச் சான்றாகவே அவர் வாங்கினார். விலை ஏறும் என்று எதிர்பார்த்து வாங்கவில்லை. உறவினரின் நிலத்தை மீட்கும் கடமைக்காக வாங்கினார்.

இதைச் சொல்லி, "நம்பி வாங்குங்க, ஆண்டவர் பாத்துக்குவார்" என்று முடித்துவிடலாம். சில போதகர்கள் ஆண்டின் முதல் நாளிலேயே சொந்த வீட்டை வாக்குறுதியாக வழங்கிவிடுகிறார்கள். ஆனால் எரேமியா செய்ததை முழுவதும் படியுங்கள். பத்திரம் எழுதினார். முத்திரையிட்டார். சாட்சிகளை வைத்தார். தராசில் நிறுத்துப் பணம் கொடுத்தார். முத்திரையிட்ட படியையும் திறந்த படியையும் பாரூக்கிடம் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். இறைவனே வாங்கச் சொன்ன நிலத்திற்குக்கூட அவர் எந்தக் காகிதத்தையும் விட்டுவிடவில்லை.

நமக்கும் அவை உண்டு. மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, அரசின் மனைப்பிரிவு ஒப்புதல். ஒப்புதல் பெறாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, சீட்டுப் பணத்தில் மனை வாங்கிய எத்தனையோ குடும்பங்கள் விற்கவும் கட்டவும் முடியாமல் தவித்தன. மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்ததையும் மறக்க முடியாது. இதற்குப் பிறகு வந்த 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளும் எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட குடியிருப்புகளும் ஆணையத்தில் பதியப்பட வேண்டும். விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதியாமல் 10 சதவீதத்துக்கு மேல் பணம் வாங்கவும் கூடாது. "நம்ம பங்கு ஆள்தானே" என்று வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கொடுத்துவிட்டு, பிறகு சமரசத்திற்குப் பங்குத்தந்தையைத் தேடி வருவோர் பலர். அப்போது நம்மால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

கோபுரம் கட்டுகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவதைப் பற்றி நம் ஆண்டவரும் பேசியிருக்கிறார் (லூக்கா 14:28-30). கணக்குப் பார்ப்பது நம்பிக்கையின்மை ஆகாது.

நேரம் குறிக்க முடியாதவர்கள்

"எப்போது வாங்கலாம்?" என்று கேட்க முடிவதே ஒரு வசதிதான். நம் பங்குகளின் எல்லைக்குள்ளேயே அந்தக் கேள்வியைக் கேட்க முடியாதவர்கள் வாழ்கிறார்கள். இராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் 2022இல் பக்கிங்காம் கால்வாய்க் கரை வீடுகள் இடிக்கப்பட்டபோது, அதைத் தாங்காமல் ஒரு முதியவர் தீக்குளித்து இறந்தார். கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்களுக்கு, எப்போது, எங்கே என்பதை வேறு யாரோ முடிவு செய்தார்கள். வேலையும் பள்ளியும் இங்கே, வீடு அங்கே என்று ஆயிற்று.

வீடின்மை பெரும் சிக்கல் என்றும், வீடு மனித மாண்போடும் குடும்ப வளர்ச்சியோடும் தொடர்புடையது என்றும் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லௌதாத்தோ சீ' திருமடலில் (எண் 152) கூறுகிறார். வீட்டோடு வீட்டைச் சேர்த்துக்கொண்டே போவோரை இறைவாக்கினர் எசாயா கடிந்துகொள்கிறார் (5:8). குடியிருக்க ஒரு வீடு தேடுவது வேறு. முதலீடாக மூன்று மனைகளை வளைத்துப் போட்டு, அடுத்தவருக்கு எட்டாத விலையாக்குவது வேறு. நம்மில் வீட்டு உரிமையாளர்களாக இருப்போர், வாடகையையும் முன்பணத்தையும் குறிக்கும்போது இதை நினைவில் கொள்ளலாமே.

அந்தத் தம்பதியருக்கு

அவர்களை மறுபடி சந்தித்தபோது நாம் சொன்னது இதுதான். "மனையை வாங்குறதுக்கு முன்னாடி அந்த ஊரை வாங்கிக்கங்க. ஒரு வருஷம் அங்க வாடகைக்கு இருந்து பாருங்க. முடியலேன்னா, ஒரு மழைக்காலமாவது அடிக்கடி போய் வாங்க. அம்மாவுக்கு நைட் ட்யூட்டி முடிஞ்சா ரயில் கிடைக்குமா, புள்ளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா, திடீர்னு நெஞ்சு வலிச்சா எந்த ஆஸ்பத்திரி, பாருங்க. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பங்குக் கோவிலுக்குப் போங்க, அங்க இருக்கிற அன்பியத்துல ஒரு நாள் உக்காருங்க. பத்திரத்தை வக்கீல்கிட்ட காட்டுங்க. இதெல்லாம் சரியா இருந்தா, வட்டி எதுவா இருந்தாலும் அதுதான் நேரம்."

மனைவி சற்று யோசித்துவிட்டு, "அப்ப சாந்தோம் கோவிலை விட்டுப் போகணுமே, ஃபாதர்" என்றார். அவருக்கு உண்மையில் வலித்தது அதுதான் என்று அப்போது புரிந்தது. அதற்கு நம்மிடம் கணக்கு ஏதும் இல்லை.

மரபு கூறும் ஒரு செய்தியை மட்டும் அவரிடம் நினைவூட்டினோம். அரண்மனை கட்டுமாறு அரசன் கொடுத்த பணத்தைப் புனித தோமா ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்தார் என்றும், அரசனுக்கு விண்ணகத்தில் மாளிகை எழுந்தது என்றும் அம்மரபு சொல்கிறது. கட்டடக் கலைஞர்களின் பாதுகாவலராக அவரைத் திருஅவை போற்றுகிறது. அவரும் தம் ஊரை விட்டு வெகுதொலைவு வந்தவர்தான்.

வீடு தேடும் நம் குடும்பங்களுக்குத் தெளிந்த அறிவையும், வீடிழந்த நம் சகோதரர்களுக்கு நீதியையும், வீடுள்ள நமக்குத் திறந்த கதவையும் தருமாறு, தலை சாய்க்க இடமின்றி வாழ்ந்த நம் ஆண்டவரிடம் மன்றாடுவோம்.