தோல்விமேல் பந்தயம்

தோழனே!

ஞாயிறன்று அரசியல் படிக்கப் பிரித்த ஏட்டில் குதிரை கனைக்கிறதே என்று திகைக்காதே. கனைப்பது குதிரைதான், ஆனால் அதன் முதுகில் ஏறி வருவது ஓர் அரசியல் கேள்வி.

1974-இல் தமிழகச் சட்டமன்றம் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. கூலி வாங்கிய கை, வீடு வந்து சேருமுன் வெறுங்கையாகிறதே, அடுப்பில் பூனை உறங்குகிறதே என்ற கவலையிலே பிறந்த சட்டம் அது. வழக்கு நடந்தது, நடந்தது என்பதைவிட நகர்ந்தது எனலாம். 1996-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புரைத்தது. குதிரைப் பந்தயம் சூதாட்டமன்று. பெரும்பகுதி திறமையைச் சார்ந்த ஆட்டம். குதிரையின் பிறப்பு, பயிற்சி, முந்தைய ஓட்டம், ஜாக்கியின் ஆற்றல் இவற்றை ஆய்ந்தறிந்தே பந்தயம் கட்டப்படுகிறது என்பது அதன் சாரம்.

தீர்ப்பை எதிர்த்து வழக்காட நான் வரவில்லை. திறமைதான் என்று ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்கிறேன்: யாருடைய திறமை? யாருக்கு எதிரான திறமை?

அந்தத் திறமை தன் முழு உருவத்தையும் காட்டி நிற்பது இங்கிலாந்திலே. வா, அங்கே சென்று பார்ப்போம்.

அந்நாட்டில் நெடுங்காலமாகச் சாதாரண மனிதன், ஒரு குதிரை வெல்லும் என்றுதான் பணம் கட்டினான். தோற்கும் என்ற பக்கத்தில் அமர்ந்து பணத்தை வாங்கிப் போட்டுக்கொள்பவன் புக்கி. 2000-ஆம் ஆண்டில் பெட்பேர் என்ற நிறுவனம் கணினி வழியே ஒரு சந்தையைத் திறந்தது. அதிலே எவனும் புக்கியாகலாம்! நீ வெல்லும் என்கிறாய். நான் வெல்லாது என்கிறேன். இருவர் பணமும் சந்தைக்காரனிடம். எவன் வென்றாலும் அவன் ஆதாயத்திலே சந்தைக்காரனுக்குத் தரகு.

கணக்கைக் கேள். கல்லூரிப் படிகளைப் பாதியிலே விட்டு இறங்கியவன் சொல்லும் கணக்குத்தான், எனினும் பிழையிராது. ஒன்றுக்கு இரண்டு என்ற விலையில் நீ 100 பவுன் கட்டுகிறாய். குதிரை தோற்றால் அந்த 100 எனக்கு. வென்றால் 200 நான் உனக்குத் தரவேண்டும். ஆகவே அது மூன்றில் ஒரு முறைக்கும் குறைவாக வெல்லக்கூடியது என்று தெரிந்தால்தான் எனக்கு இலாபம். அங்கே பெருங்கூட்டம் நம்பிப் பணம் கட்டும் குதிரையை ‘பேவரிட்’ என்பார்கள். பேவரிட் என்பது ஏறத்தாழ மூன்று பந்தயத்தில் ஒன்றிலேதான் வெல்கிறது. அப்படியானால் பேவரிட் அனைத்தையும் எதிர்த்துப் பணம் குவிக்கலாமே என்பாய். முடியாது! இரண்டு முறை தோற்கும் என்பது விலையிலேயே கரைந்திருக்கிறது. எதிர்க்க வேண்டியது எல்லா பேவரிட்டையும் அன்று. தகுதிக்கு மீறிப் புகழ் பெற்றுவிட்ட பேவரிட்டை. புகழுக்கும் வலிமைக்கும் இடையிலே உள்ள பிளவைக் காண்பதுதான் அந்தத் திறமை. (அரசியலுக்கும் இது பொருந்துமே என்கிறாயா? பொருந்தும், ஆனால் இன்று குதிரையோடு நிற்போம்.)

1981. ஷெர்கார் என்ற குதிரை எப்சம் டெர்பியை 10 குதிரை நீளத்தில் வென்றது. நாடே அதன் பெயரை உச்சரித்தது. செப்டம்பரில் டான்காஸ்டரில் செயின்ட் லெஜர் பந்தயம். 9 பவுன் கட்டினால் 4 பவுன்தான் ஆதாயம், அவ்வளவு நம்பிக்கை. வந்து சேர்ந்தது நான்காவதாக! டெர்பியின் தொலைவு ஒன்றரை மைல். செயின்ட் லெஜரின் தொலைவு ஒன்றே முக்கால் மைலுக்கும் மேல். அந்தக் கால் மைலை ஷெர்கார் அதுவரை ஓடிக் காட்டியதில்லை. கூட்டம் நினைத்தது 10 குதிரை நீளத்தை. கூர்ந்து பார்த்தவன் நினைத்தது கால் மைலை.

1970. நிஜின்ஸ்கி! அதன் வரலாற்றை நாடகமாக எழுதினால் மூன்றாம் அங்கத்தில் அழாதார் இருக்கமாட்டார். டூ தௌசண்ட் கினீஸ், டெர்பி, செயின்ட் லெஜர் மூன்றையும் ஒரே ஆண்டில் வென்று, 35 ஆண்டுகளாக எவருக்கும் கிட்டாதிருந்த மும்முடியைச் சூடியது. ஆனால் மூன்றாம் முடிக்கு முன்பே, ஆகஸ்டில், அதைப் படர்தாமரை நோய் பற்றியது. மயிர் உதிர்ந்தது, பயிற்சி தடைப்பட்டது. நோயினின்று எழுந்த உடலோடு செயின்ட் லெஜரை வென்றது. வென்றதால் உலகம் நோயை மறந்தது. அக்டோபரில் பாரிஸ் சென்று, தலையளவு தூரத்தில் சசாபிராசிடம் தோற்றது. அதே அக்டோபரில் நியூமார்க்கட்டில் மீண்டும் பேவரிட்டாக இறங்கி, லொரன்சாச்சியோவிடம் தோற்றது. தாளிலே அச்சடித்த வெற்றிப் பட்டியல் ஒன்று. தோலுக்கடியிலே தேய்ந்துபோன சதை வேறொன்று. பட்டியலைப் படித்தவர்கள் பணம் கட்டினார்கள். சதையைப் படித்தவர்கள் அதை வாங்கிக்கொண்டார்கள்.

இப்படி அடையாளங்கள் பல. காய்ந்த தரையிலே பறந்த குதிரை, இரவு பெய்த மழையில் சேறான தரையில் தடுமாறலாம். வென்ற குதிரைக்கு அடுத்த முறை அதிகாரி கூடுதல் எடை ஏற்றுகிறான். அதைச் சுமந்தும் வெல்லுமா? அது வென்றது யாரை? தோற்ற குதிரைகள் பிறகு எங்கும் வெல்லவில்லையானால், அந்த வெற்றி வெறும் ஆரவாரம். செஸ்டர் திடல் வட்டமானது, சுற்று ஏறத்தாழ ஒரு மைல்தான். குறுகிய தொலைவுப் பந்தயத்தில் வெளிவரிசை கிடைத்த குதிரை, ஓடத் தொடங்குமுன்பே பாதி தோற்றது. பெரிய பயிற்சியாளர், பேர்பெற்ற ஜாக்கி என்ற விளம்பரத்தால் மட்டும் விலை சுருங்கிய குதிரைகளோ எண்ணில.

எனினும் இந்தப் புலமையும் புதைகுழிதான். 1972-இல் ராபர்ட்டோ என்ற குதிரை டெர்பியை வென்றது. அடுத்து அயர்லாந்து டெர்பியில் படுதோல்வி. ஆகஸ்டில் யார்க் திடலில் அது பிரிகேடியர் ஜெரார்டை எதிர்கொண்டது. அதுவரை தோல்வியே அறியாத குதிரை பிரிகேடியர் ஜெரார்டு. எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் ராபர்ட்டோவுக்கு வாய்ப்பில்லை. அது தொடக்கம் முதலே முன்னே ஓடி வென்றது! 18 ஓட்டங்களில் பிரிகேடியர் ஜெரார்டு தோற்றது அந்த ஒன்றில் மட்டுந்தான். ராபர்ட்டோ வெல்லாது என்று உரைத்து, அதிக விலை கொடுத்தவன் அன்று பட்ட பாட்டை எண்ணிப்பார். கட்டியவன் இழப்பது கட்டியதை மட்டுமே. எதிர்த்தவன் இழப்பது அதைப்போல் பல மடங்கு.

இன்னும் கொடியது ஒன்றுண்டு. ஒரு குதிரை தோற்றால் எனக்குப் பணம் என்ற ஏற்பாடு வந்தபின், அது தோற்குமா என்று ஆராய்வானேன், தோற்கடித்துவிட்டால் என்ன என்ற எண்ணம் எவனுக்கேனும் எழாதா? எழுந்தது, கணினிக்கு நெடுங்காலம் முன்பே. 1811-இல் நியூமார்க்கட்டில் குதிரைகள் நீரருந்தும் தொட்டியில் பாஷாணத்தைக் கலந்தான் டேனியல் டாசன் என்பவன். வாயில்லாப் பிராணிகள் துடித்து மாண்டன. 1812-இல் கேம்பிரிட்ஜில் அவனைத் தூக்கிலிட்டார்கள். இன்று அந்நாட்டு விதிப்படி, குதிரையின் உரிமையாளரோ பயிற்சியாளரோ லாயப் பணியாளரோ தம் குதிரை தோற்கும் என்று பந்தயம் கட்டலாகாது. விதி எழுதவேண்டி வந்ததென்றால், ஆசை அங்கே வாழ்கிறது என்றுதானே பொருள்?

இப்போது தீர்ப்புக்கு வா, தோழனே. திறமை, திறமை என்கிறார்களே! தூய சூதிலே அறிந்தவனும் அறியாதவனும் ஒரே படகில் மூழ்குவார்கள். திறமை ஆட்டத்திலோ அறியாதவன் மட்டும் மூழ்குகிறான். அவன் மூழ்கும்போது விட்ட சில்லறையை அறிந்தவன் பொறுக்கிக்கொள்கிறான். நடுவிலே தரகு. அந்தச் சந்தையில் புதுப்பணம் விளைவதில்லை. நூறு பேர் இழப்பதைச் சிலர் பங்கிடுவதே அதன் பொருளாதாரம். திறமை என்ற சொல்லைக் காட்டிச் சூதுக்கு நற்சான்று தருகிறவர்கள், அந்தத் திறமை எதைத் தின்று வளர்கிறது என்பதையும் சொல்லவேண்டாமா? மூன்று முடி சூடிய குதிரையின் உடலுக்குள் இருந்த தேய்வைக் கண்டறிய, நாளெல்லாம் அதே தொழிலாய் இருக்கும் ஒருவனால் முடியும். ஆலைச் சங்கு ஊதியதும் ஓடிவரும் ஒருவனால் முடியுமா?

நான் நாடகக் குழுவில் சேர்ந்த புதிதில், ஒப்பனை செய்யும் பெரியவர் ஒருவர் இருந்தார். எனக்கு மீசை ஒட்டிய கை அது. சம்பளம் வாங்கிய மறுநாள் கிண்டிக்குப் போவார். போகுமுன் எங்களில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவனை அழைத்துத் தாளை நீட்டுவார். தொலைவைக் கேட்டதில்லை, தரையைக் கேட்டதில்லை, எடையைக் கேட்டதில்லை.

“தம்பி, இன்னைக்கு பேவரிட் எது? அதை மட்டும் படி” என்பார்.

நானும் படித்துச் சொல்லியிருக்கிறேன்.