ஸ்டூலின் மேல் நின்றவர்

1944 நவம்பர் 29. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. அறுவை மேசையில் எய்லீன் சாக்சன் என்ற பதினைந்து மாதக் குழந்தை. பிறவி இதயக் கோளாறால் நுரையீரலுக்குப் போதிய ரத்தம் போகாமல் உடம்பே நீலம் பாரித்திருந்தது. 'நீலக் குழந்தைகள்' எனப்பட்ட இவர்களைக் காப்பாற்ற அதுவரை வழியில்லை.

கத்தியைப் பிடித்தவர் ஆல்ஃபிரட் பிளேலாக் என்ற வெள்ளை மருத்துவர். அவருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலின் மேல் நின்று, ரத்தக்குழாயை எங்கே வெட்டுவது, எப்படித் தைப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தவர் விவியன் தாமஸ். கறுப்பினத்தவர். மருத்துவப் பட்டம் இல்லாதவர்.

நுரையீரலுக்கு ரத்தத்தைக் கூட்ட முடியுமா என்ற கேள்வியை எழுப்பியவர் ஹெலன் டவுசிக் என்ற குழந்தை இதய மருத்துவர். கைக்குப் போகும் ரத்தக்குழாயை நுரையீரல் தமனியோடு இணைக்கும் வழியை ஆய்வகத்தில் நாய்கள்மீது மீண்டும் மீண்டும் செய்துபார்த்துச் செம்மையாக்கியவர் தாமஸ். பிளேலாக்கைவிட அவருக்குத்தான் அதில் கைப்பழக்கம் அதிகம். ஆனால் 1945இல் வெளியான ஆய்வுக்கட்டுரையில் இருந்தவை இரண்டு பெயர்கள்: பிளேலாக், டவுசிக். சிகிச்சையும் அந்தப் பெயர்களிலேயே உலகெங்கும் பரவியது.

தாமஸ் தச்சு வேலை செய்து, மருத்துவம் படிக்கப் பணம் சேர்த்தவர். பொருளாதாரப் பெருமந்தத்தில் வங்கி மூழ்கியது, சேமிப்பும் போனது. 1930இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பிளேலாக்கின் ஆய்வகத்தில் சேர்ந்தார். செய்தது ஆய்வு வேலை, பதிவேட்டில் துப்புரவுத் தொழிலாளி, கூலியும் அதற்குரியதே. பிற்காலத்தில் பிளேலாக் வீட்டு விருந்துகளில் மது பரிமாறியும் வருமானம் தேடினார். 1976இல்தான் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. அதுவும் மருத்துவத்தில் அல்ல, சட்டத்தில்!

இந்தக் கதையைச் சொல்லி, 'திறமை இருந்தால் யாராலும் தடுக்க முடியாது, பார்த்தாயா' என்று நமக்கு ஊக்க உரை ஆற்றுவார்கள். நாம் அதை ஏற்கத் தேவையில்லை. திறமை இருந்தும் அவரைத் தடுத்தார்கள் என்பதே உண்மை. அவர் மருத்துவராகவே ஆகியிருந்தால் இன்னும் என்னென்ன செய்திருப்பார் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விட்டது.

கதவு திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. தாமஸைத் துப்புரவுத் தொழிலாளி என்று பதிந்த அதே வாண்டர்பில்ட், 1966இல் தன் மருத்துவக் கல்லூரியில் முதன்முதலாக ஒரு கறுப்பின மாணவரைச் சேர்த்தது. அவர் லெவி வாட்கின்ஸ். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தைத் தானாகவே மின்னதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும் கருவியை, 1980 பிப்ரவரியில் உலகிலேயே முதன்முறையாக ஒரு மனித உடலுக்குள் பொருத்தியவர் அவர்தான். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மாணவர் சேர்க்கைக் குழுவில் அமர்ந்து, தனக்குப் பின்னால் வந்த கறுப்பின மாணவர்களுக்கும் வழி திறந்தார்.

கறுப்பின மக்களின் நிலையும் நம் நிலையும் ஒத்திருப்பதை அண்ணல் அம்பேத்கர் 1946இலேயே டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்குக் கடிதத்தில் எழுதினார். இங்கேயும் பாருங்கள். பல அரசு மருத்துவமனைகளின் பிணவறையில் உடலை அறுத்து உறுப்பை எடுத்துக் காட்டுவது ஒரு கை. அறிக்கையில் கையெழுத்துப் போடுவது வேறொரு கை. முதல் கை எந்தச் சேரியிலிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியும். கைக்கு ஒரு சாதி, மூளைக்கு ஒரு சாதி என்று பிரித்ததுதான் இந்தச் சமூகம். பிறகு அதே சமூகம் நம்மைப் பார்த்து 'தகுதி எங்கே?' என்று கேட்கிறது.

தோழர்களே, இடஒதுக்கீட்டில் ஆய்வகத்துக்குள் நுழையும் நம் பிள்ளைகள் தலைகுனிய வேண்டியதில்லை. அறிவியல் நம் மக்களுக்குப் பட்ட கடனில் ஒரு சிறு பகுதிதான் அந்த இருக்கை. ஸ்டூலின் மேல் நின்று அடுத்தவர் கைக்கு வழிசொன்னது போதும். கத்தியை நாம் பிடிப்போம். கட்டுரையில் நம் பெயரையும் நாமே எழுதுவோம்.