துண்டுக்கடியில் பேரம் பேசும் பொருளல்ல துப்பாக்கி

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தையில் ஒரு ஜோடிக் காளை கைமாறுவதைப் பார்த்தவர்களுக்கு நம் விவசாயியின் கெட்டிக்காரத்தனம் தெரியும். பல்லைப் பிடித்துப் பார்ப்பார். சுழி பார்ப்பார். நடக்கவிட்டு, திருப்பி, மறுபடி நடக்கவிட்டுப் பார்ப்பார். திமிலைத் தட்டி, குளம்பைத் தூக்கிப் பார்த்து, யாருடைய தொழுவத்து மாடு என்று விசாரித்த பிறகே தரகரின் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்.

இவ்வளவு நிதானமுள்ள அதே விவசாயி, பக்கத்து ஊரில் பழைய துப்பாக்கி ஒன்று மலிவாக வருகிறது என்று கேள்விப்பட்டால் மட்டும் நிதானம் இழந்துவிடுகிறார். அதற்குக் காரணமும் இருக்கிறது. ஜவ்வாது மலை அடிவாரத்திலும், செங்கம், கலசபாக்கம், போளூர், தண்டராம்பட்டுப் பகுதிகளில் காட்டை ஒட்டிய கொல்லைகளிலும் காட்டுப்பன்றிக் கூட்டம் ஓர் இரவு இறங்கினால் போதும். மல்லாட்டை என்று இப்பகுதி மக்கள் சொல்லும் நிலக்கடலை, காய் பிடித்த நிலையில் உழுது போட்டாற்போல் ஆகிவிடும். கடன் வாங்கி விதைத்தவருக்கு அந்தக் காலையில் வரும் ஆத்திரம் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால், ஆத்திரத்தில் வாங்கும் துப்பாக்கி பன்றியைவிடப் பெரிய நஷ்டத்தை வீட்டுக்குக் கொண்டுவரும்.

துப்பாக்கி வாங்கவே கூடாது என்பதல்ல பேச்சு. பழைய துப்பாக்கி வாங்குகிறவர் முதலில் காகிதத்தையும், பிறகு குழலையும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் தேவையையும் சோதிக்க வேண்டும் என்பதே.

காகிதம் முதலில்

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 2019இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு இதற்குத் தண்டனை குறைந்தது 2 ஆண்டுச் சிறை, 5 ஆண்டு வரை போகலாம், அபராதமும் உண்டு. "இது அப்பா காலத்துத் துப்பாக்கி", "பரணில் சும்மா கிடந்தது" என்ற பதில்கள் வழக்கு மன்றத்தில் எடுபடா.

மாடு வாங்கினால் தும்புக் கயிறும் கூட வரும். துப்பாக்கி வாங்கினால் உரிமம் கூட வராது. உரிமம் ஆளுக்குக் கொடுக்கப்படுவது. விற்கிறவரிடம் உரிமம் இருக்கிறது என்பதால் வாங்குகிறவருக்கு எந்தப் பாத்தியமும் இல்லை. வாங்குகிறவர் முதலில் தம் பெயரில் மாவட்ட ஆட்சியரிடம் மனுச் செய்து, காவல் துறை விசாரணை முடிந்து, உரிமம் பெற்றிருக்க வேண்டும். துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளும் பயிற்சியும் இப்போதைய விதிகளில் சேர்க்கப்பட்டுள்ளது. அதன் பிறகே விலை பேச்சு.

விற்கிறவரின் உரிமம் காலாவதி ஆகாமல் இருக்கிறதா, தேசியப் பதிவேட்டின் எண் அதில் ஏறியிருக்கிறதா, அதில் எழுதியுள்ள துப்பாக்கி எண்ணும் குழலில் பொறித்துள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். எண் அராவப்பட்டிருந்தாலோ, செய்தவர் பெயரோ எண்ணோ இல்லாவிட்டாலோ அதைத் தொடாமல் திரும்பிவிடுவதே நல்லது. அப்படிப்பட்ட துப்பாக்கியை விற்பதையே சட்டம் தடுக்கிறது. ஊர்ப் பட்டறையில் செய்த நாட்டுத் துப்பாக்கி எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

தனி ஒருவர் தம் துப்பாக்கியை உரிமம் உள்ள இன்னொருவருக்கு விற்கலாம். ஆனால், வாங்குகிறவரின் பெயர், விலாசத்துடன் மாவட்ட நிர்வாகத்துக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ அவர் முன்கூட்டி எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே பொருள் கைமாறலாம். "இன்றே எடுத்துக்கொள், நாளைக்கு வேறு ஆள் வருகிறான்" என்று அவசரப்படுத்துகிறவரிடம் வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் வேண்டாம்.

கிராமங்களில் அதிகமாக விலைக்கு வருவது இறந்துபோனவரின் துப்பாக்கி. தகப்பனார் பெயரில் உரிமம் இருந்திருக்கும். மகன் பெயரில் இருக்காது. உரிமம் இல்லாத மகன் அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ தாமதமின்றி ஒப்படைத்திருக்க வேண்டும். வீட்டிலேயே வைத்து விற்க முன்வந்தால், அந்த விற்பனையில் இரண்டு பேருமே குற்றவாளிகள். ஒப்படைத்த ரசீதைக் காட்டச் சொல்வதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

குழலைப் பார்ப்பது எப்படி?

பயிர்ப் பாதுகாப்புக்குச் சட்டம் முதலில் சொல்வது வாய்வழியாக மருந்து கிட்டிக்கும் துப்பாக்கியைத்தான். அது போதாது என்று அதிகாரி கருதினால் மட்டுமே தோட்டாத் துப்பாக்கிக்கு அனுமதி உண்டு. கைத்துப்பாக்கிக்கும் கொல்லைக் காவலுக்கும் சம்பந்தமே இல்லை. பிஸ்டல், ரிவால்வர் என்று யாராவது ஆசை காட்டினால், அது விவசாயிக்கு வேண்டாத சரக்கு என்று ஒதுக்கிவிட வேண்டும்.

துப்பாக்கியைக் கையில் வாங்கியதும், குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி, உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. மருந்து கிட்டிக்கும் துப்பாக்கியில் கண்ணால் பார்த்துத் தெரியாது. கிட்டிக்கும் கோலைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாயருகே விரலால் அடையாளம் பிடித்துக்கொண்டு, கோலை வெளியே எடுத்துக் குழலின் மேல் அதே அளவில் வைத்துப் பார்க்க வேண்டும். கோலின் நுனி கேப்பு வைக்கும் இடம் வரை எட்டவில்லை என்றால் உள்ளே மருந்தோ அடைப்போ இருக்கிறது. பல வருஷம் பரணில் கிடந்த துப்பாக்கியிலும் பழைய மருந்து அப்படியே இருப்பதுண்டு. அதை எடுப்பது உரிமம் பெற்ற பழுது பார்ப்பவரின் வேலை. வாங்க வந்தவர் தோண்டக் கூடாது.

தோட்டாத் துப்பாக்கியானால் மடக்கித் திறந்து, காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, பின்பக்கமிருந்து குழல் வழியே வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். உட்சுவர் கண்ணாடிபோல் இருக்க வேண்டும். அம்மைத் தழும்புபோல் குழி விழுந்திருந்தால் துரு தின்றிருக்கிறது. உள்ளே மோதிரம்போல் ஒரு நிழல் வட்டம் தெரிந்தால் அந்த இடத்தில் குழல் உப்பியிருக்கிறது என்று பொருள். வெளியே விரலால் தடவினாலும் மேடு தட்டும். அத்தகைய குழல் என்றைக்கு வெடிக்கும் என்று சொல்ல முடியாது. வெடித்தால் போவது சுடுகிறவரின் இடது கை விரல்களும் கண்ணும்தான்.

மூடிய துப்பாக்கியை ஆட்டிப் பார்த்தால் குழலும் பூட்டும் சேருமிடத்தில் ஆட்டம் இருக்கக் கூடாது. இரட்டைக் குழலானால், குழலைத் தனியே கழற்றித் தொங்கவிட்டு விரலால் சுண்டினால் மணிபோல் ஒலிக்க வேண்டும். மொத்தென்று கேட்டால் பற்று விட்டிருக்கிறது. குதிரையைப் பாதி இழுத்து நிறுத்தி விசையை அழுத்தினால் குதிரை விழக் கூடாது. அடிக்கட்டை கைப்பிடி அருகே விரிசல் விட்டிருந்தால், ஆணியும் கம்பியும் போட்டு மறைத்திருப்பார்கள். அங்கே உற்றுப் பார்க்க வேண்டும். பழைய சீமைத் துப்பாக்கிகள் சில குட்டைத் தோட்டாவுக்கென்று செய்யப்பட்டவை. 65 மில்லிமீட்டர் அறையில் 70 மில்லிமீட்டர் தோட்டா போடுவது ஆபத்து. இரும்புப் பட்டைகளை முறுக்கிச் செய்த மிகப் பழைய குழல்கள் இன்றைய தோட்டாவின் வேகத்தைத் தாங்கா. இவ்வளவும் பார்த்த பிறகும், உரிமம் பெற்ற ஆயுதக் கடைக்காரரிடம் காட்டி அபிப்பிராயம் கேட்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

தேவைதானா?

இதுதான் பலரும் கேட்க மறக்கும் கேள்வி. உரிமமும் இருக்கிறது, துப்பாக்கியும் நல்ல துப்பாக்கி; பன்றியைச் சுடலாமா என்றால், கூடாது. துப்பாக்கி உரிமம் வேறு, வனவிலங்கைச் சுடும் அனுமதி வேறு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றி காக்கப்பட்ட விலங்கு. பயிரை அழிக்கும் விலங்கானாலும் வனத்துறை எழுத்து மூலம் அனுமதித்தால்தான் சுடலாம்.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முறை வகுத்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம். ஆனால் சுடுகிறவர்கள் வனத்துறையினர், விவசாயி அல்ல. ஆகவே, பன்றிக்கென்று துப்பாக்கி வாங்குகிறவர் தாம் பயன்படுத்த முடியாத ஒரு கருவிக்குப் பணம் கொடுக்கிறார். மயிலுக்கும் மானுக்கும் இதே கதைதான்.

அந்தப் பணத்துக்கு வேறு நல்ல வழிகள் உண்டு. கொல்லையைச் சுற்றி நெருக்கமாக முள் குசும்பா விதைக்கலாம். நாலைந்து கொல்லைக்காரர்கள் கூடி முறைக்காவல் வைத்துத் தகரம் தட்டலாம். சூரிய மின்வேலி போடுகிறவர்கள் 2023ஆம் ஆண்டின் மின்வேலி விதிகளின்படி அனுமதியும் பதிவும் பெற வேண்டும். கம்பத்திலிருந்து நேராக மின்சாரம் இழுப்பதும் அவுட்டுக்காய் வைப்பதும் கொலைக்குச் சமம். அதில் சிக்குவது பெரும்பாலும் பன்றியல்ல. விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்ச வரும் பக்கத்துக் கொல்லைக்காரரும், மேய்ச்சலுக்குப் போகும் மாடும்தான்.

அரசுக்கும் ஒரு வார்த்தை உண்டு. விவசாயி துப்பாக்கி தேடுவது வேட்டை ஆசையால் அல்ல. கூப்பிட்ட குரலுக்கு ஆள் வராததால். சுடும் பொறுப்பை வனத்துறை தானே ஏற்றுக்கொண்ட பிறகு, பயிர் காய் பிடிக்கும் மாதத்தில் ஆள் அனுப்பவும் அது கடமைப்பட்டிருக்கிறது. பயிர்ச்சேத நிவாரணம் அடுத்த விதைப்புக்கு முன் கைக்கு வர வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் ஜவ்வாது மலை அடிவாரத்தில் பழைய துப்பாக்கிக்குக் கிராக்கி தானாகவே குறையும்.

அதுவரை விவசாயி நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான். காளையைத் துண்டுக்கடியில் விலை பேசலாம். ஏமாந்தால் ஒரு பருவத்து உழவோடு போகும். துப்பாக்கியை அப்படிப் பேசி வாங்கினால் போவது கையாகவும் இருக்கலாம், ஐந்து வருஷமாகவும் இருக்கலாம்.